பாலிமர் கரைசலில் குமிழி முரண்டு பிடிக்கிறதா? அறிகுறியை வைத்துப் பிழை தேடும் வழி

நீரில் ஒழுங்காக ஓடிய குமிழிச் சோதனை, லிட்டருக்கு அரை கிராம் பாலிமர் (நீண்ட சங்கிலி போன்ற மூலக்கூறுகளால் ஆன பொருள்) சேர்த்ததும் அடையாளம் தெரியாமல் மாறிவிடும். செங்குத்தான அக்ரிலிக் குழாய், அடியில் காற்று ஊசி, கரைசலைச் சுற்றவிடும் பம்பு, பக்கத்தில் வேகக் கேமரா எல்லாம் நேற்று இருந்தபடியேதான் இருக்கின்றன. குமிழி மட்டும் வேறு மாதிரி நடந்துகொள்கிறது. இந்த இடத்தில் பெரும்பாலோர் முதலில் ஊசியையும் கேமராவையும் சந்தேகிக்கிறார்கள். அங்கே தேடுவது அநேகமாக வீண் வேலை. கோளாறு இருந்தால் அது கரைசலின் முன்வரலாற்றில் இருக்கும்: எந்த நீரில் கரைத்தீர்கள், எப்படிக் கலக்கினீர்கள், எத்தனை முறை அது பம்புக்குள் போய் வந்தது. அல்லது கோளாறே இல்லாமல், பாலிமர் தன் இயல்பைத்தான் காட்டிக்கொண்டிருக்கும். இவ்விரண்டையும் பிரித்தறிவதுதான் முழு வேலையும்.

முதலில் தெரிந்திருக்க வேண்டியது

மூலக்கூறு எடை 40 லட்சம் உள்ள பாலியெத்திலீன் ஆக்சைடை எடுத்துக்கொள்வோம். அசையாத நீரில் அதன் சங்கிலி சுருண்டு, சுமார் 0.3 மைக்ரோமீட்டர் அகலமுள்ள பந்தாகக் கிடக்கும். முழுவதும் இழுத்து நீட்டினால் 30 மைக்ரோமீட்டர் அளவுக்கு வரும். நூறு மடங்கு! மேலேறும் குமிழியின் தலைப்பக்கத்தில் திரவம் விலகிப் பக்கவாட்டில் வழிகிறது. வால்பக்கத்தில் நாலாபுறமிருந்தும் வந்து கூடி, குமிழி போகும் திசையிலேயே இழுபடுகிறது. சங்கிலிகள் பெரிதும் நீள்வது அங்கேதான். அதனால்தான் பாலிமரின் கைவரிசை எப்போதும் குமிழியின் வாலில் முதலில் தெரிகிறது.

நீண்ட சங்கிலி மறுபடி சுருள்வதற்கு ஆகும் காலத்தைத் தளர்வு நேரம் என்பார்கள். குமிழியின் வேகத்தை அதன் ஆரத்தால் வகுத்து, தளர்வு நேரத்தால் பெருக்குங்கள். விடை 1-ஐவிட மிகக் குறைவாக இருந்தால், பாலிமர் திரவத்தைக் கெட்டியாக்குவதோடு நின்றுவிட்டது என்று பொருள். 1-ஐத் தாண்டினால் மீட்சித்தன்மை ஆட்டத்துக்குள் வந்துவிட்டது. 2 மி.மீ. ஆரமுள்ள குமிழி விநாடிக்கு 5 செ.மீ. வேகத்தில் ஏறுகிறது, தளர்வு நேரம் 0.1 விநாடி என்றால் விடை 2.5. இந்தக் குமிழியை நீர்க்குமிழியின் பாடப்புத்தகத்தை வைத்து விளக்க முயல வேண்டாம்.

திரவத்தின் கெட்டித்தன்மையை, அதாவது பாகுநிலையை, அளக்க ஆய்வகத்தில் எல்லோரிடமும் இருக்கும் சுழல் பாகுமானி இந்த மீட்சியைக் காட்டாது. ஒரே பாகுநிலை காட்டும் இரண்டு கரைசல்களில் குமிழிகள் முற்றிலும் வேறு மாதிரி ஓடலாம். செலவில்லாத சோதனை ஒன்று உண்டு. பாகு காய்ச்சுபவர்கள் கம்பிப் பதம் பார்ப்பதுபோல, கையுறை அணிந்த இரு விரல்களுக்கிடையே ஒரு சொட்டை வைத்துச் சட்டென்று பிரியுங்கள். நூல் எவ்வளவு நேரம் அறாமல் நிற்கிறது என்பதைக் கைப்பேசியின் மெதுவோட்டப் பதிவில் எடுத்து வைத்துக்கொள்ளுங்கள். துல்லியமான அளவீடு அல்ல. ஆனால் இன்றைய கரைசலும் நேற்றைய கரைசலும் ஒன்றா என்று கேட்டால், பாகுமானியைவிட நேர்மையாகப் பதில் சொல்லும்.

அறிகுறி: காற்றை நிறுத்திவிட்டேன், பொடிக்குமிழிகள் போகவே இல்லை

கலக்கும்போது உள்ளே போன காற்று அது. நீரில் 0.1 மி.மீ. விட்டமுள்ள குமிழி விநாடிக்குச் சுமார் 5 மி.மீ. ஏறும். கரைசலின் பாகுநிலை நீரைப்போல் ஆயிரம் மடங்கு, அதாவது 1 பாஸ்கல்-விநாடி என்றால், அதே குமிழி விநாடிக்கு 5 மைக்ரோமீட்டர்தான் நகரும். 10 செ.மீ. உயரத்தைக் கடக்க ஐந்து மணி நேரம். குமிழி பாதி அளவென்றால் நான்கு மடங்கு நேரம், அதாவது 20 மணி. ஆகவே மாலையில் கரைத்து மறுநாள் ஓட்டுவது என்ற பழைய வழக்கம் சோம்பேறித்தனத்தால் வந்ததல்ல.

அவசரமென்றால் வெற்றிடக் கலன். அழுத்தத்தை 5 கிலோபாஸ்கலுக்கு இறக்கினால் குமிழியின் கன அளவு இருபது மடங்காகப் பெருகும், ஏறும் வேகம் ஏழு மடங்குக்கு மேல் கூடும். அறை வெப்பத்தில் 3 கிலோபாஸ்கல் அளவில் நீரே கொதிக்கத் தொடங்கிவிடும் என்பதால் அதற்குக் கீழே போகாதீர்கள். கலனைப் பாதிக்கு மேல் நிரப்பவும் கூடாது. பொங்கி வரும் கரைசல் வெற்றிடப் பம்புக்குள் போனால் அன்றைய நாள் அதோடு முடிந்தது.

மீயொலித் தொட்டியில் வைத்துக் காற்றகற்றும் பழக்கம் பலருக்கு உண்டு. வெறும் நீருக்குச் சரி. நீண்ட சங்கிலிப் பாலிமருக்குக் கூடவே கூடாது, ஒலி அலையில் உருவாகிச் சிதையும் குமிழிகள் சங்கிலிகளை நறுக்கிவிடும். காற்று போயிருக்கும், பாலிமரும் போயிருக்கும்.

குமிழி என்று நினைப்பது சில சமயம் குமிழியாக இருக்காது. தூளை ஒரே இடத்தில் கொட்டினால் வெளிப்புறம் நனைந்து தோல் கட்டி, உள்ளே உலர்ந்த தூளோடு பளபளப்பான கட்டிகள் உருவாகும். ஒளியில் அசல் குமிழி மாதிரியே மின்னும். குழாயை அப்படியே விட்டுப் பாருங்கள்: மேலேறினால் காற்று, இறங்கினால் அல்லது மிதந்து நின்றால் கட்டி. கட்டி விழுந்த கரைசலை வடிகட்டிப் பயன்படுத்தினால், நீங்கள் எழுதி வைத்த செறிவு பொய்யாகிவிடும். புதிதாகக் கரைப்பதே நல்லது. நீரில் முதலில் சுழல் உண்டாக்கி, அதன் தோள்பகுதியில் தூளைச் சிறிது சிறிதாகத் தூவி, முழுவதும் நனைந்தவுடன் வேகத்தைக் குறைத்துவிட வேண்டும்.

அறிகுறி: குமிழியின் வால் கூராகிவிட்டது, இரண்டு கேமராவில் இரண்டு வடிவம்

கோளாறு இல்லை. மீட்சித்தன்மையுள்ள கரைசலில் ஓரளவுக்கு மேல் பெரிய குமிழி, தலை உருண்டு வால் குவிந்த கண்ணீர்த்துளி வடிவத்துக்கு வரும். நீண்ட சங்கிலிகள் வாலைப் பின்னோக்கி இழுப்பதால் வருவது இது.

இரண்டு கேமராவை ஒன்றுக்கொன்று செங்குத்தாக வைத்தவர்களுக்கு ஒரு திகைப்பு காத்திருக்கும். ஒன்றில் ஊசிமுனைபோலத் தெரியும் வால், மற்றதில் அகலமாகத் தெரியும். கேமராவைத் திரும்பத் திரும்பச் சரிசெய்து நேரத்தை வீணாக்காதீர்கள். வால் பல சமயம் கூம்பாக முடிவதில்லை. உளியின் விளிம்புபோலத் தட்டையாகிவிடுகிறது. டேனியல் ஜோசப்பும் உடன் பணியாற்றியவர்களும் 1995-இலேயே இதை விரிவாகப் பதிவு செய்திருக்கிறார்கள். இதன் நடைமுறை விளைவு ஒன்றுதான்: ஒரே கேமராவில் எடுத்த படத்தைச் சுழற்றிக் கன அளவு கணக்கிட்டால் தவறு வரும். கன அளவைப் படத்திலிருந்து எடுக்காமல், செலுத்திய காற்றின் அளவிலிருந்தோ மேலே பிடித்து அளந்தோ எடுங்கள்.

அறிகுறி: குமிழியைச் சிறிது பெரிதாக்கினேன், வேகம் பல மடங்கு தாவியது

இதைக் கண்டு சோதனைக் குறிப்பேட்டில் அடித்துவிட்டுப் போனவர்கள் எத்தனை பேரோ. அடிக்க வேண்டாம். இந்தத் துறையின் மிகச் சுவையான நிகழ்வு இதுதான். 1965-இல் இத்தாலியின் நேப்பிள்ஸைச் சேர்ந்த அஸ்தரிதாவும் அபுத்சோவும் இதை வெளியிட்டார்கள். குறிப்பிட்ட கன அளவைக் கடந்ததும் குமிழியின் வேகம் படிப்படியாகக் கூடாமல், ஒரேயடியாகத் தாவுகிறது. தாவல் இரு மடங்காகவும் இருக்கலாம், கரைசலைப் பொறுத்து அதற்கும் பல மடங்கு மேலேயும் போகலாம்.

உண்மையான தாவலா, அளவீட்டுத் தவறா என்று பிரிக்க ஒரு கணக்கு போதும். சாதாரணப் பாகுத் திரவத்தில் மெதுவாக ஏறும் சிறு குமிழியின் வேகம் கன அளவின் 2/3 அடுக்குக்கு ஏற்பக் கூடும். கன அளவு 10 சதவீதம் கூடினால் வேகம் 6 அல்லது 7 சதவீதம் கூட வேண்டும். பாலிமர் கரைசல் வேகத்துக்கேற்ப இளகும் என்பதால் இன்னும் கொஞ்சம் கூடலாம். 10 சதவீதக் கன அளவுக்கு வேகம் இரட்டித்தால் அது தாவல்தான்.

காரணம் என்ன? முதலில் சொல்லப்பட்ட விளக்கம் பரப்பைப் பற்றியது. சிறு குமிழியின் மேற்பரப்பில் அசுத்தங்கள் படிந்து அது திடப் பந்துபோல் விறைத்திருக்கும். பெரிதானால் பரப்பு விடுபட்டு வழுக்கும். நியாயமான பேச்சு, ஆனால் கணக்கு உதைக்கிறது. விறைத்த பரப்புக்கும் முழுக்க வழுக்கும் பரப்புக்கும் இடையே வேக வேறுபாடு ஒன்றரை மடங்குதான். ஐந்து மடங்குத் தாவலை அது தனியாக விளக்காது. தாவலோடு சேர்ந்து வேறு இரண்டும் நிகழ்கின்றன. வால் கூராகிறது. குமிழிக்குப் பின்னால் திரவம் குமிழியைத் தொடர்ந்து மேலே வராமல், எதிர்த்திசையில் கீழே போகிறது. இந்த எதிர்ப்போக்கான தடத்தை டேனிஷ் ஆய்வாளர் ஹாசகர் 1979-இல் தெரியப்படுத்தினார். நீண்ட சங்கிலிகள் குமிழியின் இடையைக் கடந்து வாலுக்கு வந்த பிறகு சுருங்கினால், அந்தச் சுருக்கம் குமிழியைப் பின்னிருந்து முன்னே தள்ளும். வாலுக்கு வருமுன்னரே சுருங்கிவிட்டால் எதிர்ப்பாகத்தான் முடியும். எந்தப் பக்கம் சுருங்குகிறது என்பதைத் தளர்வு நேரமும் குமிழியின் வேகமும் சேர்ந்து முடிவு செய்கின்றன. மீட்சிக்குத்தான் முதலிடம் தருவேன், பரப்பு உதவியாளர் மட்டுமே. ஆனால் உதவியாளரை மறந்துவிடாதீர்கள்: ஒரு துளி சோப்பு கலந்தால் தாவலின் அளவும் இடமும் மாறிவிடும்.

தாவல் ஒரு நாள் வந்து மறுநாள் வராவிட்டால் இவற்றைப் பாருங்கள். குமிழிகளுக்கிடையே போதிய இடைவெளி விட்டீர்களா? முன் சென்ற குமிழியின் பாதையில் திரவம் இளகியும் நீண்டும் கிடக்கும். அது பழைய நிலைக்குத் திரும்புமுன் அடுத்ததை விட்டால் அதன் வேகம் கூடுதலாகவே வரும். கெட்டிக் கரைசலில் சில நிமிடங்கள் காத்திருப்பது நல்லது. குழாய் போதிய அகலமா? விட்டம் குமிழியைப்போல் பத்து மடங்காவது இருக்கட்டும், இல்லையேல் சுவரின் தடை தாவலைப் பூசி மறைக்கும். குமிழியின் அளவை மாற்ற ஊசியை மாற்றுகிறீர்களா? அதைவிட, பீச்சாங்குழலால் அளந்த காற்றைக் கவிழ்த்த சிறு கிண்ணத்துக்கடியில் சேர்த்து, கிண்ணத்தை மெல்லப் புரட்டி விடுவது மேல். எத்தனை கன மி.மீ. வேண்டுமோ அத்தனை கிடைக்கும்.

அறிகுறி: காலையில் கிடைத்த முடிவு மாலையில் கிடைக்கவில்லை

இதுதான் உண்மையான கோளாறு, அதிகம் பேரைக் கவிழ்ப்பதும் இதுவே. பம்பு சங்கிலிகளை அறுத்துக்கொண்டிருக்கிறது.

மையவிலக்குப் பம்பின் சுழலிதழ் விளிம்பிலும், பாதி மூடிய வால்விலும், குறுகிய நுழைவாயிலிலும் திரவம் கடுமையாக இழுபடுகிறது. சங்கிலி நீண்டு, இழுவிசை மிகுந்து, பெரும்பாலும் நடுப்பகுதியில் அறுகிறது. மிக நீண்ட சங்கிலிகள் முதலில் போகும். மீட்சித்தன்மைக்குப் பெரும் பங்கு தருபவை அவைதான். ஆகவே பாகுமானியில் சிறு மாற்றம்தான் தெரியும், குமிழியோ நீர்க்குமிழியாக மாறியிருக்கும். கூர்வால் மழுங்குவது, தாவல் பெரிய குமிழிகளை நோக்கி நகர்வது அல்லது மறைவது, விரலிடை நூல் சட்டென்று அறுவது ஆகிய மூன்றும் சேர்ந்து வந்தால் சந்தேகமே வேண்டாம்.

சுற்றோட்டத்தில் அழுத்த வீழ்ச்சியை அளப்பவர்களுக்கு இன்னொரு சாட்சி இருக்கிறது. கொந்தளிப்பான ஓட்டத்தில் மிகக் குறைந்த பாலிமரே குழாயின் உராய்வை வெகுவாகக் குறைத்துவிடும், சாதகமான நிலையில் 80 சதவீதம் வரைகூட. 1948-இல் நெதர்லாந்தில் நடந்த ரியாலஜி (பொருள்களின் ஓட்ட இயல்பை ஆராயும் துறை) மாநாட்டில் டாம்ஸ் என்ற ஆய்வாளர் இதை அறிவித்தார். அவர் பயன்படுத்தியது நீரல்ல, மோனோகுளோரோபென்சீனில் கரைத்த பாலிமெத்தில் மெத்தக்ரிலேட். அந்த உராய்வுக் குறைவு உங்கள் குழாயில் மணிக்கு மணி தேய்ந்துகொண்டே வந்தால், குமிழிகளின் நடத்தையும் அதே வேகத்தில் தேய்கிறது. அலாஸ்காவின் நெடுங்குழாயில் 1979 முதல் எண்ணெயில் இத்தகைய பாலிமரைச் சேர்க்கிறார்கள். பம்பு நிலையத்தைக் கடந்த பிறகே செலுத்துகிறார்கள், பம்புக்கு முன்னால் செலுத்தினால் அங்கேயே அறுபட்டுவிடும் என்பதால். அவ்வளவு பெரிய குழாய்க்கே அந்தக் கவனம் தேவைப்படுகிறது என்றால், மேசைமேல் ஒரே கரைசலை ஆயிரம் தடவை சுற்றவிடும் நமக்குச் சொல்லவே வேண்டாம்.

செய்ய வேண்டியவை: மேல்தொட்டியிலிருந்து புவியீர்ப்பால் ஓடவிடுங்கள், அல்லது அழுத்தக் காற்றால் தொட்டியிலிருந்து தள்ளுங்கள். பம்பு தவிர்க்கவே முடியாதென்றால் மெதுவாகச் சுழலும் திருகுப் பம்பு. ஓட்டத்தைக் குறைக்க வால்வைத் திருகாமல் பம்பின் வேகத்தைக் குறையுங்கள். காந்தக் கலக்கியை முழு வேகத்தில் இரவெல்லாம் விட்டுவிட்டுப் போகும் பழக்கத்தைக் கைவிடுங்கள், அதுவும் ஒரு பம்பு மாதிரிதான். எந்த ஓட்டத்துக்கு எந்தத் தொட்டிக் கரைசல், அது எத்தனை சுற்று முடித்தது என்று ஒவ்வொரு படத்தின் பக்கத்திலும் எழுதுங்கள்.

நுண்ணுயிர்களை நொதிக்கவிட்டுத் தயாரிக்கும் சாந்தன் பிசின் என்ற பாலிமர் பம்பை ஓரளவு தாங்கும், அதன் சங்கிலி விறைப்பானது. அதற்கு வேறு எதிரி: நுண்ணுயிர். நம் ஊர் வெயிலில் இரண்டு மூன்று நாளில் நாற்றமெடுத்து இளகிவிடும். குளிரூட்டியில் வையுங்கள், வாரக்கணக்கில் வைத்துப் பயன்படுத்தாதீர்கள்.

அறிகுறி: அதே அளவு பாலிமர், அதே முறை, பக்கத்து ஆய்வகத்தில் கெட்டி, இங்கே தண்ணீர்

நீரைப் பாருங்கள். பகுதி நீராற்பகுக்கப்பட்ட பாலிஅக்ரிலமைடு என்ற பாலிமரின் சங்கிலியில் எதிர்மின்னூட்டங்கள் இருக்கின்றன, அவை ஒன்றையொன்று விலக்குவதால்தான் சங்கிலி விரிந்து நிற்கிறது. தமிழ்நாட்டின் பல ஆழ்துளைக் கிணறுகளில் வரும் கடின நீரிலுள்ள கால்சியமும் மக்னீசியமும் அந்த மின்னூட்டங்களை மறைத்துவிடும், சங்கிலி சுருங்கிவிடும். காய்ச்சி வடித்த நீரில் கரைத்தால் பிரச்சினை தீரும். மின்னூட்டம் இல்லாத பாலியெத்திலீன் ஆக்சைடுக்கு இந்தத் தொல்லை மிகக் குறைவு.

அறிகுறி: குமிழிகள் ஒன்றன் வாலை ஒன்று பிடித்து, கடைசியில் ஒன்றாகிவிடுகின்றன

முன்செல்லும் குமிழி தன் பின்னால் இளகிய பாதை ஒன்றை விட்டுப் போகிறது. பின்வருவது அதில் தடை குறைந்து வேகமெடுத்து முன்னதை எட்டிவிடுகிறது. வேகத்துக்கேற்ப இளகும் கரைசல்கள் எல்லாவற்றிலும் இது நடக்கும். விளைவாக, கொஞ்ச உயரத்தில் சீரான குமிழித்தொடர், அதற்கு மேல் கொத்துகள், அதற்கும் மேல் பெருங்குமிழிகள். சாந்தன் நொதிக்கும் கலன்களில் இதே கதைதான் ஆக்சிஜன் பஞ்சமாக முடிகிறது. குழம்பு கெட்டியாக ஆகப் பெருங்குமிழிகள் நடுவழியே ஓடிப்போகும், ஓரங்களில் பொடிக்குமிழிகள் ஆக்சிஜன் தீர்ந்த பிறகும் வெளியேறாமல் சுற்றிக்கொண்டிருக்கும். திரவத்தில் இத்தனை சதவீதம் காற்று இருக்கிறது என்ற எண்ணை மட்டும் நம்பினால் எல்லாம் நலம் என்று தோன்றும்.

சரிசெய்யக் குமிழி விடும் இடைவெளியைக் கூட்டுங்கள், ஊசிகளை ஒன்றுக்கொன்று தள்ளி வையுங்கள், அளவீட்டை ஊசிக்கு நெருங்கிய உயரத்தில் எடுங்கள். ‘சேர்வதைத் தடுக்க’ உப்பு போடும் யோசனை நீருக்கு உரியது. மின்னூட்டமுள்ள பாலிமரில் போட்டால் கரைசலே மாறிவிடும்.

அறிகுறி: ஊசியைவிட்டுக் குமிழி விலகவே இல்லை, விலகினாலும் பொடிகளைச் சிந்துகிறது

நீரில் குமிழியின் கழுத்து கண்ணிமைக்குமுன் அறுந்துவிடும். பாலிமர் செறிவு கூடும்போது, கழுத்தைச் சுற்றி நீண்ட சங்கிலிகள் கடைசிக் கட்டத்தில் அறுபடுவதைத் தாமதப்படுத்தி, மெல்லிய காற்று நூல் ஒன்றை நிறுத்திவைக்கும். அந்த நூல் உடையும்போது நுண்குமிழிகள் சிதறும். செறிவு ஒன்றோடொன்று சங்கிலிகள் உரசும் அளவைத் தாண்டிவிட்டதா என்று பாருங்கள். 40 லட்சம் எடையுள்ள பாலியெத்திலீன் ஆக்சைடுக்கு அது ஏறத்தாழ 0.05 சதவீதம். காற்றின் ஓட்டத்தைக் குறைப்பதும், ஊசிக்கும் வால்வுக்கும் இடையே உள்ள நெகிழ்குழாயைச் சுருக்குவதும் உதவும். நீண்ட நெகிழ்குழாயில் தேங்கும் காற்று, குமிழியை ஊதிவிட்டுப் பின்வாங்கும். அந்தத் துடிப்பைப் பலர் பாலிமரின் தலையில் கட்டுகிறார்கள்.

அறிகுறி: அழுத்தமானியும் வேகமானியும் ஒத்துப்போகவில்லை

முதலில் அழுத்தத் துளைக்கும் உணரிக்கும் இடையிலான குழாயைப் பாருங்கள். நீரில் அங்கே சிக்கும் குமிழி தானாக வெளியேறிவிடும். பாலிமர் கரைசலில் நாள்கணக்கில் குந்தியிருக்கும். பீச்சாங்குழலால் மெல்லக் கரைசலைத் தள்ளி வெளியேற்றுங்கள். அதற்குப் பிறகும் பிழை நின்றால், துளையே காரணமாக இருக்கலாம். மீட்சித்தன்மையுள்ள திரவம் துளையின் வாயில் வளையும்போது ஓட்டக்கோடுகளில் எழும் இழுவை, காட்டப்படும் அழுத்தத்தைக் குறைத்துவிடும் என்பது 1960-களின் இறுதியிலிருந்தே தெரிந்தது. ஓட்ட வேகத்தை அழுத்தத்திலிருந்து கணக்கிட உதவும் பிட்டோ குழாயும் இந்தக் கரைசல்களில் நம்பத்தகுந்தது அல்ல.

மின்கடத்தல் ஊசியால் குமிழிகளை எண்ணுபவர்கள் ஊசியை எங்கே வைத்திருக்கிறார்கள் என்பதையும் பார்க்க வேண்டும். மேல்நோக்கி ஓடும் நீரில் சிறு குமிழிகள் சுவரை நாடும், 5 அல்லது 6 மி.மீ.-க்கு மேற்பட்டவை நடுவை நாடும். பாலிமரின் மீட்சி, சறுக்கு வீதம் (அடுத்தடுத்த திரவ அடுக்குகளின் வேக வேறுபாடு) குறைந்த நடுப்பகுதியை நோக்கிக் குமிழிகளைத் தள்ளப் பார்க்கும். கரைசல் இளகும் தன்மை அதற்கு எதிராகவும் இழுக்கலாம். நீரில் பொருத்திய இடத்திலேயே ஊசியை விட்டுவிட்டு, ‘குமிழிகள் குறைந்துவிட்டன’ என்று முடிவு எழுதிவிடாதீர்கள். குறுக்காக நகர்த்தி அளந்த பிறகு பேசலாம்.

அறிகுறி: குமிழி நடுவழியில் நின்றுவிட்டது

கார்போபோல் போன்ற கூழ்மத்தில் மட்டும் இது இயல்பு. குறிப்பிட்ட தகைவைத் தாண்டாதவரை அது ஓடாது. அந்த எல்லைக்குத் தாங்குதகைவு என்று பெயர்; அது 1 பாஸ்கல் இருந்தாலே போதும், ஏறத்தாழ 1 மி.மீ. அளவுள்ள குமிழியை நிரந்தரமாகப் பிடித்துவைக்க. பாலியெத்திலீன் ஆக்சைடிலோ பாலிஅக்ரிலமைடிலோ குமிழி நின்றால், அது நிற்கவில்லை, மிக மெதுவாகப் போகிறது அல்லது சுவரில் ஒட்டியிருக்கிறது. பத்து நிமிட இடைவெளியில் இரண்டு படம் எடுத்தால் தெரிந்துவிடும்.

அறிகுறி: பம்பின் இரைச்சல் அடங்கிவிட்டது

நல்ல செய்தி என்று நினைக்கத் தோன்றும். அழுத்தம் தாழ்ந்த இடத்தில் ஆவிக்குமிழிகள் தோன்றி நொறுங்கும் கேவிட்டேஷன், சிறிதளவு பாலிமர் சேர்ந்தாலே தள்ளிப்போகிறது. 1970 வாக்கில் எல்லிஸ் குழுவினர் வேகநீரில் இதைக் காட்டினார்கள். குமிழி நொறுங்குவதைப் பாலிமர் மெத்தைபோல் தாங்குகிறது என்று சொல்லிவிடுவார்கள். அது அநேகமாகச் சரியல்ல. அசையாத திரவத்தில் உருண்டையாக நொறுங்கும் தனிக்குமிழியை நீர்த்த பாலிமர் பெரிதாக மாற்றுவதில்லை. மாறுவது குமிழி பிறக்கும் இடத்தில் உள்ள ஓட்டம்: சுழல்களின் மையத்தில் அழுத்தம் முன்போல ஆழமாக இறங்குவதில்லை. ஆகவே, இரைச்சல் பழையபடி திரும்புவதைக் கவனியுங்கள். அது பம்பு கெட்டதன் அடையாளமாக இருக்க வேண்டியதில்லை. சங்கிலிகள் அறுந்ததன் அடையாளமாகவும் இருக்கலாம்.

அறிகுறி: தொட்டியின் மேலே நுரை

பாலியெத்திலீன் ஆக்சைடு பரப்பிலும் போய் உட்காரும். நீரின் பரப்பு இழுவிசையை 72-லிருந்து 62 மில்லிநியூட்டன்/மீட்டர் அளவுக்கு இறக்கும். கொஞ்சம் நுரை வரத்தான் செய்யும். சிலிக்கோன் நுரையடக்கியை மட்டும் ஊற்றிவிடாதீர்கள், குமிழியின் பரப்பையே அது மாற்றிவிடும். திரும்பும் குழாயின் வாயைத் திரவமட்டத்துக்குக் கீழே வையுங்கள், பெரும்பகுதி நுரை அடங்கும்.

அறிகுறி: பாலிமரை வடித்துவிட்டேன், இப்போது நீரிலும் முடிவு வரவில்லை

சுவரிலும் ஊசியிலும் படலம் மிச்சமிருக்கிறது. முதலில் நிறைய நீர் விட்டுக் கழுவுங்கள், பிறகு நீர்த்த ஹைப்போகுளோரைட் கரைசலைச் சிறிது நேரம் நிறுத்திவைத்தால் மிஞ்சிய சங்கிலிகள் துண்டாகிவிடும். உலோகப் பாகங்களை அதில் ஊறவிட வேண்டாம், அமிலம் எதனோடும் கலக்கவும் கூடாது, நச்சு வாயு வரும். தரையில் சிந்திய பாலிமர் கரைசலின்மேல் நீர் ஊற்றாதீர்கள், வழுக்கல் பரவும். மரத்தூள் போட்டு அள்ளுங்கள்.

கழுவி முடித்ததும் குழாயைப் புது நீரால் நிரப்பி, 5 மி.மீ. குமிழிகளை விட்டு நேரம் பாருங்கள். விநாடிக்குச் சுமார் 23 செ.மீ. வேகமும், வளைந்து வளைந்து ஏறும் பாதையும் தெரிந்தால் குழாய் சுத்தம். வேகம் குறைந்து, பாதை நேராகிவிட்டிருந்தால் இன்னொரு முறை கழுவுங்கள்.